பிடி அரிசியும் எண்ணெய் பரோட்டாவும்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு.

கேள்விப்பட்டிருப்பீர்கள். வாணியன் என்றால் செக்கு ஆட்டுகிறவர். நல்ல எண்ணெய்க்குக் காசு செலவு பண்ணினால் டாக்டருக்குத் தண்டம் அழவேண்டாம் என்று அர்த்தம். ஹெல்த் இன்ஷூரன்ஸெல்லாம் வருவதற்கு முன்னால் பாட்டிகள் கட்டிவந்த பிரீமியம்.

இந்தப் பழமொழிக்குச் சிலை வைக்கவேண்டுமென்றால் அதற்குப் பொருத்தமான ஊர் விருதுநகர்தான். எண்ணெய், பருப்பு, மல்லி, மிளகாய் வத்தல் என்று மண்டி மண்டியாகக் கைமாறுகிற ஊர். 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் ஒரு மூலையில் போடுவார்களே, தமிழ்நாட்டு மளிகைக் கடைக்காரர்களுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. நல்லெண்ணெய்க்கு 'இதயம்' என்று பெயர் வைத்து விற்கிற கம்பெனியும் அந்த ஊர்க்காரர்களுடையதுதான். வாணியனும் வைத்தியனும் ஒரே டப்பாவுக்குள்!

அதே ஊரில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஜார் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெரிய தோசைக்கல்லின் நடுவில் எண்ணெய் குளம் கட்டி நிற்கும். அதில் பரோட்டா மிதக்கும். சுடுவது என்று சொல்லமுடியாது, பொரிப்பது. எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மேலே சால்னாவை ஊற்றி இரண்டு நிமிஷம் ஊறவிட்டு... சரி, வேண்டாம். கட்டுரை எழுதி முடிக்கவேண்டும்.

பக்கத்தில் சாத்தூர் என்றால் காராசேவு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கொஞ்சம் தெற்கே இறங்கினால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனித் தலைநகரம் வைத்திருக்கிற வட்டாரம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது தீனியின் கதையை அல்ல. பசியின் கதையை.

ஏனென்றால் இது நூறு வருஷத்துக்கு முன்னால் சோற்றுக்குச் சிங்கியடித்த பூமி. கரிசல் காடு. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. ஆறு என்று பெயருக்கு ஓடுவதில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். பருத்தி போடுவார்கள், மிளகாய் போடுவார்கள். சாப்பாட்டுக்குக் கம்பு, சோளம், குதிரைவாலி, கேழ்வரகு. அரிசிச் சோற்றுக்கு அங்கே தனிப்பெயரே உண்டு. நெல்லுச்சோறு. தீபாவளி, பொங்கல், கல்யாணம் என்றால்தான் அது இலைக்கு வரும். மற்ற நாளெல்லாம் கம்மங்கஞ்சியும் கடித்துக்கொள்ள மிளகாயும்.

'அடடா, சிறுதானியம்! என்ன ஆரோக்கியமான வாழ்க்கை!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கம்பும் இல்லாத வருஷங்கள் இருந்தன.

1876-ல் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமே காய்ந்து கிடந்தது. செத்தவர்களை லட்சங்களில்தான் எண்ண முடிந்தது. செலவைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ஆசாமி, சர் ரிச்சர்ட் டெம்பிள். 1877 ஜனவரியில் வந்தார், பார்த்தார், கணக்குப் போட்டார். பஞ்ச நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்குகிற அளவுக்குக் கூலி கொடுத்தால் போதும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதோடு உப்புப் புளிக்குக் கொஞ்சம் சில்லறை. அந்த 450 கிராமைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மண் வெட்டவேண்டும், ஜல்லி உடைக்கவேண்டும்.

எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். டபிள்யூ.ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். உடம்பு உழைக்காமல் சும்மா படுத்திருக்கவே இது பத்தாது, குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மன்றாடினார். பேப்பரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு இருவருக்கும் பகிரங்கச் சண்டை. சில மாதம் கழித்துக் கூலியை ஏற்றினார்கள். அதற்குள் போகவேண்டியவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்து, ஒரு தமிழனின் தட்டில் என்ன இருக்கவேண்டும், எவ்வளவு இருக்கவேண்டும் என்று சர்க்கார் காகிதத்தில் நடந்த முதல் பெரிய தகராறு இதுதான். அந்தத் தகராறில் பருப்பு என்ற வார்த்தை வருகிறது பாருங்கள், அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தது எலி. குன்னூரில் ராபர்ட் மெக்காரிஸன் என்று ஒரு ராணுவ டாக்டர் உட்கார்ந்துகொண்டு எலிகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டில்லை. 1926 வாக்கில் அவர் செய்த சோதனை உலகப் பிரசித்தம். எலிகளை ஏழு கோஷ்டியாகப் பிரித்தார். ஒரு கோஷ்டிக்குச் சீக்கியர் சாப்பாடு. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, இன்னொன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, இப்படியே போய்க் கடைசிக் கோஷ்டிக்கு மதராஸி சாப்பாடு. பெரும்பாலும் சோறு. எண்பது நாள் கழித்து எடை போட்டால் சீக்கிய எலி பயில்வான். மதராஸி எலி? ஏழிலும் கடைசி.

மெக்காரிஸனின் அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடம்தான் பிற்பாடு 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மதராஸி எலி போட்ட பிள்ளையார் சுழி.

இப்போது விருதுநகருக்குத் திரும்புவோம். அப்போது அதன் பெயர் விருதுப்பட்டி. 1923-ல்தான் நகர் ஆனது. பட்டியாக இருந்த காலத்திலேயே அந்த ஊர் வியாபாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தக் காசு வேண்டும். மகமை என்று சரக்குக்கு இவ்வளவு என்று பொதுநிதி வசூலிக்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அது போதவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு கலயம். பெண்கள் உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிடவேண்டும். பிடி அரிசி. அதைத் திரட்டி விற்று வந்த பணத்தில் க்ஷத்ரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கூடம் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு வாய் குறைந்தது. பிள்ளைகள் படித்தார்கள்.

அங்கே படித்த ஒரு பையன், அப்பா இறந்துபோனதால், பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனான். காமராஜ்.

முதலமைச்சரான பிறகு 1956-ல் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது, ஆடு மேய்த்த சிறுவன் கதை, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுவோம். அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. ஆரம்பத்தில் அது சர்க்கார் பணத்தில் ஓடிய திட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் நன்கொடையிலும்தான் ஓடியது. அரசு மானியம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதாவது, விருதுப்பட்டியின் பிடி அரிசிக் கலயத்தை ஒரு மாநிலத்தின் அளவுக்குப் பெரிதாகச் செய்து வைத்தார். அந்த யோசனைக்கு அவர் எந்தப் பொருளாதார மேதையிடமும் போயிருக்கவேண்டியதில்லை.

ஆனால் அரிசி பொல்லாதது.

1965, 66-ல் மழை பொய்த்தது. நாடு முழுக்கத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகப் பி.எல். 480 கோதுமை வந்து இறங்கியது. ரேஷனில் கோதுமை, மைதா, ரவை. கோதுமையை என்ன செய்வதென்றே தெரியாத தமிழன் தலையில் அடித்துக்கொண்டான். 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது தி.மு.க. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில், சொந்த ஊரான விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றுப்போனார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், பெரியவர்களுக்கு அரிசி இல்லாததால் தோற்றார்.

அன்றைக்கு ஆளுகிறவர்கள் எல்லாரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் எது வேண்டுமானாலும் குறையலாம். அரிசி குறையக் கூடாது.

அதற்கப்புறம் குறையவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய். 2008-ல் ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் சும்மா. 2007-ல் ரேஷனில் பாமாயிலும் பருப்பும் வந்து சேர்ந்தன. தாது வருஷத்துக்குப் பிறகு ஒன்றேகால் நூற்றாண்டில், ஒரு பிடிக்கு ஏங்கிய ஊரில் மூட்டை மூட்டையாக அரிசி. இதைக் கிண்டல் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இலவச அரிசியை வாங்கித் தின்று சோம்பேறியாகிவிட்டார்கள் என்று ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், ஒரே ஒரு நாள் டெம்பிள் கூலியில் வாழ்ந்து பார்க்கவேண்டும்.

சிக்கல் இன்னொரு இடத்தில் இருந்தது. பசிக்கும் பரோட்டாவுக்கும் நடுவில் ஒரு தலைமுறை மாட்டிக்கொண்டது.

சிவகாசிக்கு வாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழையில்லாத பூமி, நமுத்துப்போகாத காற்று, வேலையில்லாத கைகள். மூன்றும் சேர்ந்தால் தீப்பெட்டி. பிறகு பட்டாசு, பிறகு அச்சு. குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய கதை ஊரறிந்தது. அந்தப் பெயருக்கு அடியில் இருந்த கதைதான் வெளியே தெரிய நாளாயிற்று. 1970-களிலும் 80-களிலும், விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போகும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. அடுக்கின அளவுக்குத்தான் கூலி. 1990-ல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இருட்டு மறக்காது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி, தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும்.

மத்தியான உணவு பள்ளிக்கூடத்தில் இருந்தது. இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இல்லை. இதைவிட எளிமையாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. அதாவது மாரடைப்பின் வயது. உலகம் முழுக்க 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வில், மற்றவர்களைவிடத் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஐந்தாறு வருஷம் முன்கூட்டியே வருவதாகத் தெரிந்தது. சராசரியாக 53 வயதில்.

ஏன் நமக்கு மட்டும் அவசரம்?

பதில் கிடைத்த இடம் ஹாலந்து. 1944 கடைசியில் ஜெர்மன்காரர்கள் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் மறித்தார்கள். சில மாதம் கொடும் பஞ்சம். டுலிப் கிழங்கைத் தின்றார்கள். போர் முடிந்தது, சாப்பாடு வந்தது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, அந்தப் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையைச் சமாளிக்கிற திறமை அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கருவாகி முதல் சில மாதங்களிலேயே பஞ்சத்தைப் பார்த்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது.

நம் பக்கத்து மைசூரிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1934-லிருந்து பிறந்த குழந்தைகளின் எடையை ஒழுங்காக நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டில் இருந்தவர்களைப் பெரியவர்களான பிறகு கண்டுபிடித்து, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இதய நோய். மூன்று கிலோவைத் தாண்டிக் கொழுகொழுவென்று பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்றே பேர்.

புனேயில் டாக்டர் யாக்னிக் இதை இன்னும் தோண்டினார். கிராமத்துப் பிள்ளைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் பிள்ளைகளுக்கு எல்லாமே சின்னது. கை சின்னது, வயிறு சின்னது, தசை குறைவு. ஒன்றே ஒன்று மட்டும் கிட்டத்தட்டக் குறையவில்லை. தோலுக்கடியில் கொழுப்பு! ஒல்லிக் குண்டர்கள் என்று சொல்லலாமா? அவரே 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தன்னையும் தன் லண்டன் சிநேகிதர் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இரண்டு பேரும் அச்சு அசல் ஒன்று. 22.3. உடம்பிலிருக்கும் கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம். நம்மவருக்கு 21.

நான் பி.காம். படித்தவன். இது எனக்குப் புரிந்தது மண்டிக் கணக்காகத்தான். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்ட சோறும் பரோட்டாவும் சர்க்கரையாகி ரத்தத்தில் வந்து இறங்குகிறது. லோடு. இறக்கி அடுக்கச் சொல்கிற கணக்குப்பிள்ளை, இன்சுலின். முக்கியமான குடோன், தசை. குடோன் பெரிதாக இருந்து, தினமும் காலியாகிக்கொண்டும் இருந்தால் பிரச்னையே இல்லை. ஏர் பின்னால் நடந்தவனின் குடோன் தினமும் காலியானது. சின்ன குடோனோடு பிறந்தவன், உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்கக் கட்டை அடுக்குகிறவன், அல்லது உங்களையும் என்னையும் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் குடோனில் இடம் ஏது? கணக்குப்பிள்ளை கத்திக் கத்திப் பார்க்கிறார். யாரும் கேட்பதில்லை. மிச்சச் சரக்கைக் கல்லீரல் வாங்கிக் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, கொஞ்சத்தைத் தொப்பைக்குள் தள்ளுகிறது, மீதியை ட்ரைகிளிசரைட் என்ற லாரியில் ஏற்றி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் பொடிப்பொடியாகி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்துகொள்கிறது. பிரஷர் ஏறுகிறது. ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது.

இதனால்தான் டாக்டர்கள் இப்போது எடை மிஷினைவிட டேப்பை நம்புகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. நமக்கு அதுதான் எல்லைக்கோடு. வெள்ளைக்காரனுக்கு இதைவிடத் தாராளமாகவே அனுமதி உண்டு.

சரி, எண்ணெய்? அது குற்றவாளியா, சாட்சியா?

இதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ரயில்வேயில் டாக்டராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 62 வரை நாடு முழுக்கப் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் கணக்கைப் பார்த்து, 1967-ல் எழுதினார். பஞ்சாபிகளைவிடத் தென்னிந்தியர்கள் இதய நோயில் ஏழு மடங்கு அதிகமாகச் செத்தார்கள். ஆனால் நெய்யும் பாலுமாகக் கொழுப்பைப் பல மடங்கு அதிகம் தின்றது பஞ்சாபிகள்! நெய்க்காரர்கள் இன்றைக்கும் இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ரயில்வே ரிஜிஸ்தரில் எழுதிய மரணக் காரணங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதை வைத்து நெய்க்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் சோறே பிரதானமான தட்டு, கொழுப்பு குறைவாக இருந்தாலும் இதயத்துக்குக் காவல் இல்லை என்று அது அப்போதே சொல்லிவிட்டது. மெக்காரிஸனின் எலி சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தானே?

எண்ணெயிலும் சாதி உண்டு. நல்லெண்ணெயில் கெட்டிக் கொழுப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குத்தான். பாமாயிலில் நாற்பதுக்கு மேல். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அந்தக் கெட்டிக் கொழுப்பு. பாமாயில் எங்கிருந்து வருகிறது? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும். நம் ஜனங்கள் கப்பலேறிப் போய்ப் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களில் பலவும் இப்போது செம்பனைத் தோட்டம். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு நாம். பரோட்டாக் கல்லில் நிற்கிற எண்ணெய் பெரும்பாலும் எந்தச் சாதி என்று கடைக்காரரைக் கேட்டால் சிரித்துக்கொண்டு அடுத்த இலையைப் போடுவார். காலையில் ஊற்றியது ராத்திரி வரைக்கும் கொதிக்கிறது என்பது தனிக் கதை.

பழமொழி தோற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். வாணியனுக்குக் கொடு என்று சொன்ன பாட்டி, மாசத்துக்கு ஒரு சின்னத் தூக்குவாளி எண்ணெயில் குடும்பம் நடத்தினாள். தலைக்குத் தேய்த்தது போகத்தான் தாளிப்புக்கு.

சென்னையில் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழுவினர் வருஷக்கணக்காக எடுத்துவரும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2023-ல் வெளிவந்த அதன் அகில இந்தியப் பதிப்பின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர். 2009-ல் அதே சென்னைக் குழு இன்னொன்றும் சொல்லியிருந்தது. வெள்ளை அரிசி, மைதா போன்ற தீட்டிய தானியத்தை மிக அதிகமாகச் சாப்பிட்ட கோஷ்டிக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடத் தொப்பை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கூட்டணி வைக்கிற ஆபத்து ஏறக்குறைய எட்டு மடங்கு.

ஆச்சா? உடனே குதிரைவாலிக்கு மாறிவிடலாம் என்று கிளம்புகிறீர்கள். நானும் கிளம்பினேன். அந்தக் குழுவே 2025-ல் வழிமறித்துவிட்டது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை, சிறுதானிய மாவு என்று ஆளை மட்டும் மாற்றினால் சர்க்கரை வியாதி ஆபத்து குறையவில்லையாம். மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கை, வெறும் 5 சதவீதக் கலோரியை, எடுத்துவிட்டு அங்கே பருப்பையோ பாலையோ வைத்தால் குறைகிறது.

கரிசல்காட்டுத் தாத்தாவைக் கம்பு மட்டும் காப்பாற்றவில்லை. கம்பு அளவாகக் கிடைத்தது, வேலை அளவில்லாமல் கிடைத்தது. குதிரைவாலி தோசை நாலு, அதற்குமேல் ஒரு காபி, அப்புறம் ஸ்கூட்டர் என்றால் தாத்தா பொறுப்பேற்கமாட்டார்.

காமராஜரும் இதயத்தால்தான் போனார். 1975 அக்டோபர் 2. மத்தியானம் படுத்தவர் எழவில்லை. மாரடைப்பு. வயது 72. அவர் தொடங்கிவைத்த பள்ளிக்கூடத் தட்டு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு மூன்று. இப்போது பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. கார்னிஷ் இருந்தால் பாராட்டியிருப்பார்.

அந்தப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறது. அம்மா பட்டாசு ஆலையிலிருந்து வருகிறாள். அவள் ஒரு காலத்தில் விடியற்காலை பஸ்ஸில் ஏறிய பெண்ணாகவும் இருக்கலாம். அவளுக்கு முட்டை கிடையாது. அவள் கையிலிருக்கும் ரேஷன் கார்டை வாங்கிப் பாருங்கள். 2025 நிலவரப்படி, நாலு பேர் குடும்பத்துக்கு மாசத்துக்கு அரிசி 20 கிலோ, இலவசம். சர்க்கரை 2 கிலோ. பாமாயில் 1 லிட்டர்.

துவரம்பருப்பு, 1 கிலோ.